மின்காந்தப் பாயில் 14 மாதம்: நானும் மணியும்

எனக்கு இடது முழங்கால் வலி. 11 வயது நாய் மணிக்குப் பின்னங்காலில் மூட்டுத் தேய்மானம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மின்காந்தத் துடிப்புப் பாய்; உள்ளே உள்ள கம்பிச் சுருள்கள் விட்டுவிட்டுக் காந்தப்புலத்தை எழுப்பும், வலி குறையும் என்று சொல்லி விற்கிறார்கள். "நிஜமாவே வேலை செய்யுதா?" என்று கேட்பவர்கள் பெருகிவிட்டதால் எழுதுகிறேன்.

வாங்கிய அன்றே ஒரு திசைகாட்டியை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். நடுவில் மூன்று இடங்களில் முள் நடுங்கியது, ஓரங்களில் அசையவே இல்லை. சரி, உள்ளே சுருள் இருக்கிறது, காந்தப்புலமும் வருகிறது. வலி போகுமா என்பது வேறு கேள்வி.

இது முழுக்கக் கட்டுக்கதையும் இல்லை. ஒட்டாத எலும்பு முறிவுக்கு இவ்வகைக் கருவியை அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் எஃப்.டி.ஏ. 1979-லேயே அனுமதித்தது. ஆனால் அது மருத்துவர் சொல்லி, முறிந்த இடத்தில் கட்டிக்கொள்வது. விற்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு தூக்கம், செரிமானம், நாயின் பதற்றம் வரை போய்விடுகிறார்கள். என் பாயில் 7.83 ஹெர்ட்ஸ் 'பூமியின் துடிப்பு' என்று ஒரு பட்டன்கூட உண்டு. மின்னல்களால் பூமிக்கும் அயனி மண்டலத்துக்கும் (வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றம் கொண்ட அடுக்கு) இடையில் எழும் அலையின் அதிர்வெண் அது. என் முழங்காலுக்கு அது என்ன உறவோ!

முதல் இரண்டு மாதம் புகழ்ந்து தள்ளினேன். பாயை விரித்ததும் மணி வந்து சுருண்டுகொள்வான். அப்போதுதான் கால்நடை மருத்துவர் 2012-ல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்த மூட்டுவலி நாய்களில், ஏறக்குறைய 40 சதவீத முறை வளர்ப்பவர்களுக்கு நொண்டல் குறைந்ததாகத் தோன்றியதாம். காலடி அழுத்தத்தை அளந்த கருவி அப்படிச் சொல்லவில்லை. "எங்க கண்ணும் அதே மாதிரிதான் ஏமாந்துச்சு" என்று சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. என் பாய் சூடும் தரும்; சூட்டையும் துடிப்பையும் தனித்தனியாகப் போடலாம். எட்டு வாரம் சூடு எப்போதும் ஓடட்டும், துடிப்பை எந்த வாரம் போடுவது என்பதை மகள் முடிவு செய்யட்டும் என்று வைத்தோம். துடிப்பு ஓடுவதைக் காட்டும் விளக்கின் மேல் கறுப்பு டேப். மணி வாசல் படி மூன்றையும் நிற்காமல் ஏறினானா, என் வலி பத்துக்கு எத்தனை என்று தினமும் குறித்தேன். கடைசியில் அவள் குறிப்பை என் நோட்டோடு வைத்துப் பார்த்தோம். துடிப்பு ஓடிய வாரத்துக்கும் ஓடாத வாரத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஒருநாள் சூட்டை அணைத்தபோது மட்டும் மணி பாயை மோந்து பார்த்துவிட்டு கால்மிதிக்குப் போய்விட்டான்.

பூனைக்கு ஆகுமா என்கிறார்கள். கூண்டில் அடைத்துப் போடாதீர்கள், வேண்டாமென்றால் எழுந்து போக வழி இருக்கட்டும். வயரைக் கடிக்கும் குட்டி என்றால் பக்கத்திலேயே இருங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதில் படுக்கவே கூடாது. உடலுக்குச் சக்தி தரும் என்று சொல்லி விற்கிற 'சக்திப் பதக்கம்' பற்றியும் ஒருவர் கேட்டார். நெதர்லாந்தின் அணுக்கதிர்ப் பாதுகாப்பு அமைப்பு 2021-ல் அப்படிப்பட்ட சில பொருட்களில் கதிரியக்கம் இருப்பதாக எச்சரித்தது. அதைப் போய்க் கழுத்தில் மாட்டுவானேன்?

மணி இப்போது படியேறுவது, எடை இரண்டு கிலோ குறைந்து, மருத்துவர் தந்த மாத்திரையும் ஆரம்பித்த பிறகு. பாயை விற்கிறீர்களா என்றும் கேட்கிறார்கள். மணி எழுந்தால் பார்க்கலாம்.