கவட்டைக் கம்பா, பேலட் பலகையா, ரெட்டைக் கம்பா? காய்ச்சுத் தொங்குற சின்ன மரத்துக்கு எது சரி

கிளை வளைஞ்சு தரையத் தொட்டதுக்கு அப்புறந்தான் நாம முட்டு குடுக்க கம்பு தேடி ஓடுவோம். புதுசா வாங்கத் தேவையில்ல, மூலையில கிடக்குற பழைய மரமே தாங்கும். ஆனா எந்த மரத்த எப்படி வைக்கறோம்ங்கறதுலதான் இருக்கு.

கவட்டைக் கம்பு ரொம்ப சுலபம், ஆணி வேணாம் சுத்தி வேணாம். ஒய் மாதிரி பிரியுற கம்ப வெட்டி, கவட்டையில சாக்குத்துணி சுத்தி, அடிமரத்துலேந்து கிளை நீளத்துல மூணுல ரெண்டு பங்கு தள்ளி வெச்சா போதும். கம்போட அடியில தட்டையா ஒரு கல்லு போடுங்க, இல்லேன்னா மழை பெஞ்சதும் மண்ணுக்குள்ள இறங்கிடும். இதுக்கு எதிரி காத்துதான். நான் ஒரு கொய்யாவுக்கு கட்டாம சும்மா நிறுத்தி வெச்சேன், ராத்திரி அடிச்ச காத்துல கிளை மேல எழும்பினதும் கம்பு நழுவிருச்சு, அப்புறம் அந்தக் கிளை அத்தனை காயோட கீழ இறங்கி, அடிமரத்த விட்டுப் பிரியுற இடத்துலயே கிழிஞ்சுபோச்சு. அதனால கிளையோட சேத்து லூசா ஒரு கட்டு போட்டுருங்க.

பேலட்டுன்னா சரக்கு அடுக்கி ஏத்தி இறக்குற மரத் தட்டு, அதுலேந்து கழட்டுற பலகை சும்மா கிடைக்குது, ஆனா ஒத்தப் பலகை மெலிசு, பாரம் ஏறினா வில்லு மாதிரி வளையும். ரெண்டு பலகைய நீளவாக்குல ஓரத்தோட ஓரம் எல் மாதிரி சேத்து ஆணி அடிச்சா அதே பலகை செம ஸ்ட்ராங், தலையில குறுக்கா ஒரு துண்டு அடிச்சா டி முட்டு ரெடி. எடுக்கறதுக்கு முன்னாடி முத்திரைய பாருங்க. ஹெச்.டி.ன்னு இருந்தா பூச்சி சாக சூடு காட்டுனது, அதாவது மரத்தோட நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி செல்சியஸ்ல 30 நிமிஷம். எம்.பி.ன்னு இருந்தா மெத்தில் புரோமைடுங்கற பூச்சி கொல்ற விஷ வாயு புகை போட்டது, நான் அத தொட மாட்டேன்.

பழைய ஜன்னல் சட்டம், கதவு நிலை எல்லாம் இத விட உறுதி, வைரம் பாஞ்ச மரமா இருக்கும். ஆனா பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், உரியுற பெயிண்ட் மரத்தடி மண்ணுல விழும். பச்சை நிறம் ஏறின, மருந்து பாய்ச்சின பழைய மரமும் வேணாம், ஆர்சனிக் கலந்ததா இருக்கலாம்.

கிளை இல்ல, மரமே ஒரு பக்கமா சாயுதுன்னா மேல சொன்ன எதுவும் உதவாது. அதுக்கு ரெட்டைக் கம்புதான்: வேர் மண்கட்டிக்கு வெளிய ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கம்பு நட்டு, பழைய சைக்கிள் டியூப்ப எட்டு மாதிரி சுத்திக் கட்டுங்க. கட்டுக்கம்பி வேண்டவே வேணாம், தண்டு பெருக்கப் பெருக்க பட்டைய அறுத்துரும். விறைப்பாவும் கட்டாதீங்க, கொஞ்சம் ஆடினாதான் தண்டு தடிக்கும். வேலை இதுலதான் அதிகம், ஆனா காத்து அடிக்கிற இடத்துல என் ஓட்டு இதுக்குத்தான்.

எந்த முட்டா இருந்தாலும் வளைஞ்ச கிளைய ஒரேயடியா பழைய உயரத்துக்குத் தூக்காதீங்க, விரிசல் விடும். நட்டு ஒண்ணு ரெண்டு வருஷமே ஆன மரம்னா முட்டு யோசிக்கறதுக்கு முன்னாடி பாதிப் பிஞ்ச கிள்ளிப் போடுங்க, மனசு வராதுதான். காய் பறிச்சதும் கிளை மேல எழும்பும், கட்ட அவுத்து கம்ப எடுத்து கரையான் ஏறாத இடமா பாத்து சாத்தி வெச்சா அடுத்த காய்ப்புக்கும் ஆகும்.