சீக்கிரம் தார் தள்ளும் வாழை: மூன்று வழிகளில் எது?

வாழை பூப்பதற்கு நெல்லைப் போலப் பகல் நீளத்தை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. ரகத்தைப் பொறுத்து 30 முதல் 50 இலை விட்ட பிறகு கிழங்கின் நடுக்குருத்து பூமொட்டாக மாறுகிறது. தாரில் எத்தனை சீப்பு என்பது அப்போதே ஏறக்குறைய முடிவாகிவிடும். அதற்கப்புறமும் பத்து இலைக்கு மேல் வெளிவந்துதான் தார் நம் கண்ணில் படும்.

ஒரு மாதம் முந்தித் தார் தள்ளினால் தண்ணீர் மிச்சம். காற்றில் சாயும் பயமும் அந்த அளவுக்குக் குறையும். ஆனால் இலை குறைந்தால் தார் சிறுத்துவிடும். மூன்று வழிகளையும் இதை வைத்தே எடைபோடுகிறேன்.

தோட்டம் வரை வந்து சேர்ந்தது காமாக் கதிர் வழி. திசு வளர்ப்பில் இருந்த கிராண்ட் நைன் குருத்துகளில் 60 கிரே (கதிர் அளவின் அலகு) காமாக் கதிர் பாய்ச்சி, முந்திப் பூத்ததைப் பொறுக்கியெடுத்து, 1990களில் மலேசியாவில் ‘நோவாரியா’ என்று வெளியிட்டார்கள். வெளியிலிருந்து எந்த மரபணுவும் சேராததால் அனுமதிச் சிக்கலும் இல்லை. இதன் குறை வேறு. பூவன், நேந்திரன், கிராண்ட் நைன் எல்லாமே மும்மடிய வாழைகள். ஒவ்வொரு மரபணுவுக்கும் 3 பிரதி உண்டு. கதிர் ஒன்றைக் கெடுத்தாலும் மற்ற இரண்டும் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். ஆகவே ஏராளமான கன்றுகளை நட்டு, ஒவ்வொன்றும் பூக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

அடுத்தது எஃப்டி மரபணுவைக் கூட்டுவது. இலையில் உருவாகும் எஃப்டி புரதம் குருத்துக்குப் போய் ‘பூத்துவிடு’ என்று சொல்கிறது. அமெரிக்காவில் பிளம் மரத்தில் பாப்லர் மரத்தின் எஃப்டியைச் செருகிச் சீக்கிரம் பூக்கவைத்து, வேகமாக ஒட்டுச்சேர்த்து, கடைசித் தலைமுறையில் அந்த மரபணு இல்லாத நாற்றுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அருமையான உத்தி. ஆனால் நாம் சாப்பிடும் வாழையில் விதை ஏது? செருகிய மரபணுவை இப்படி விதை வழியாகக் கழற்ற முடியாது. விதை தரும் இருமடிய (மரபணுவுக்கு 2 பிரதி உள்ள) பெற்றோர் வாழைகளில் கலப்பு வேலையை விரைவுபடுத்த மட்டும் இது பொருந்தும்.

என் மனம் சாய்வது மூன்றாவது வழியில்: பூப்பதைத் தடுத்துவைக்கும் டிஎஃப்எல்1 என்ற மரபணுவை, குறித்த இடத்தில் டிஎன்ஏவை வெட்டும் கிரிஸ்பர் என்ற கருவி கொண்டு திருத்துவது. தக்காளியில் இதே குடும்ப மரபணு தானாகவே பழுதானதால்தான் குட்டையாக நின்று ஒரே சமயத்தில் காய்க்கும் ரகங்கள் கிடைத்தன. ரஸ்தாளியில் கிரிஸ்பர் வேலை செய்யும் என்பதை மொஹாலி ஆய்வாளர்கள் 2018இல் காட்டிவிட்டார்கள். அயல் டிஎன்ஏ மிஞ்சாத திருத்தங்களுக்கு 2022இல் இந்திய அரசு மரபணு மாற்றுப் பயிர் விதிகளிலிருந்து விதிவிலக்கும் தந்தது. அயல் டிஎன்ஏ மிஞ்சாமல் செய்வதுதான் வாழையில் கடினம்: விதை வழியாகக் கழிக்க முடியாததால், வெட்டும் கிரிஸ்பர் கருவியை மரபணுவாகச் செருகாமல் புரதமாகவே செல்லுக்குள் விட வேண்டும்.

அதைவிட எனக்குப் பெரிய கவலை, நெல்லில் இந்தத் தடுப்பை அடக்கியபோது நெற்கதிரின் கிளைகள் குறைந்துபோனது. வாழையிலும் அப்படியானால் சீப்பு போய்விடும். அதனால் 3 பிரதிகளையும் வெட்டாமல், ஒன்றிரண்டை மட்டும் தொட்டுப் பார்ப்பதே சரி என்பேன்.

இப்போதே நடவு செய்யக் கன்று வேண்டுமென்றால் கதிர் வழிதான். பூவனுக்கும் நேந்திரனுக்கும் திருத்தத்தில் பணம் போடலாம். எந்த வழியில் புது ரகம் வந்தாலும், எத்தனை நாள் முந்தியது என்பதோடு எத்தனை இலையில் பூத்தது, தாரில் எத்தனை சீப்பு என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டும்.