தழும்புக்கடியில் மீண்டும் கட்டியா? ஸ்கேனா, எம்.ஆர்.ஐயா?

கை காலில் வந்த சார்கோமாக் கட்டியை (தசை, கொழுப்பு, எலும்பு போன்ற திசுக்களில் வரும் புற்றுநோய்) வெட்டி எடுத்தவர்களுக்கு, அது அதே இடத்தில் திரும்ப வருமோ என்ற பயம் இலேசில் விடாது. வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடங்களுக்குள் வரும். அதனால்தான் அந்தக் காலத்தில் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு தடவை கிளினிக்குக் கூப்பிடுகிறார்கள். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனையிலிருந்து மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வரும் எங்கள் ஆட்களுக்கு எழும் கேள்வி ஒன்றுதான்: ஒலியலையால் படம் பிடிக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் (இங்கே ஸ்கேன் என்று சொல்வது இதைத்தான்) போதுமா, காந்தத்தால் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ எடுக்கத்தான் வேண்டுமா?

தோலுக்குக் கிட்ட உள்ள இடமென்றால் நான் ஸ்கேன் பக்கம். ஜெல் பூசித் தழும்பின் மேல் கருவியை மெல்ல நகர்த்தினால், தழும்பு தட்டையான கருங்கோடாகத் தெரியும். திரும்பி வந்த கட்டி பெரும்பாலும் திரண்ட கரும்புள்ளியாக நிற்கும். தேங்கிய நீரென்றால் அநேகமாக அழுத்தும்போது அமுங்கும், உள்ளே இரத்த ஓட்டம் இராது. இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டொப்ளரில் உள்ளே நிறம் ஓடினால் சந்தேகம் கூடும். ஓடவில்லை என்பதற்காகக் கட்டி இல்லையென்று ஆகாது. தேவைப்பட்டால் ஸ்கேனில் பார்த்தபடியே ஊசி விட்டு பயொப்சியும் (சோதனைக்குச் சிறு திசுத் துண்டு) எடுக்கலாம். எலும்பில் தகடோ செயற்கை மூட்டோ வைத்தவர்களுக்கு ஸ்கேன் இன்னும் உதவும், எம்.ஆர்.ஐ படத்தை உலோகம் குழப்பிவிடும்.

ஆழத்துக்குப் போனால் கதை வேறு. பருமனான தொடை, பிட்டம், வயிற்றின் பின்புறம் எல்லாம் ஒலியலை போய்ச் சேரும்போது படம் மங்கிவிடும். தசையுறை வழியே மெல்லியதாகப் படரும் மிக்சோபைப்ரோசார்கோமா போன்ற சார்கோமா வகைகள் ஸ்கேனில் தவறிப்போகலாம். எம்.ஆர்.ஐ முழுத் தசையையும் ஒரே பார்வையில் காட்டும். நேரம் பிடிக்கும், குழாய்க்குள் அசையாமல் படுக்க வேண்டும், அரச வைத்தியசாலையில் திகதிக்குக் காத்திருக்கவும் வேண்டும். சத்திரசிகிச்சை முடிந்த புதிதில் வீக்கமும் இரத்தக்கட்டும் இரண்டையுமே ஏமாற்றும்.

ஆகவே, வீக்கம் வற்றிய பிறகு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எம்.ஆர்.ஐ எடுத்து வைப்பது நல்லது. அப்புறம் மேலோட்டமான இடத்துக்கு இடையிடையே ஸ்கேன் செய்யலாம். ஸ்கேனில் கட்டி, எம்.ஆர்.ஐயில் கட்டி என்று எதில் தெரிந்தாலும் முடிவு சொல்வது பயொப்சிதான். தொட்டுப் பார்க்கும்போது கட்டி தட்டுப்பட்டும் ஸ்கேன் "ஒன்றுமில்லை" என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள், எம்.ஆர்.ஐ பற்றி டொக்டரிடம் கேளுங்கள். நுரையீரலுக்குப் பரவியதா என்று பார்க்க இந்த இரண்டும் உதவாது. அதற்கு நெஞ்சு எக்ஸ்ரே அல்லது சி.டி வேண்டும்.