12 போர் துவக்குக்கு எந்தத் தோட்டா? தம்பலகாமப் பக்கப் பயிர்க்காவலில் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் வயலும் அதற்கு மேற்கே சோளமும் கச்சானும் இடுகிற மேட்டுக்காணியும் உள்ள குடும்பம் எங்களுடையது. பயிர்க்காவலுக்கென மாவட்டச் செயலகத்தின் அனுமதிப்பத்திரத்தோடு எங்களிடம் இருப்பது ஒற்றைக்குழல் 12 போர் துவக்கு; போர் என்பது குழல் துளையின் அளவைக் குறிக்கும் பெயர். தந்தையாரின் காலத்தில் தொடங்கி என் கைக்கு வந்து பல பெரும்போகங்களைக் கண்ட துவக்கு அது. துவக்கைப் பற்றி ஊரில் நிறையவே பேசுகிறார்கள். அதற்குள் போடும் தோட்டாவைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு. கடையில் எது கிடைக்கிறதோ அதை வாங்கிப் போட்டுவிட்டு, பன்றி விழாமல் போனால் துவக்கைக் குறை சொல்வது வழக்கமாகிவிட்டது. பன்றி விழுவதையும், அதைவிட முக்கியமாகக் காயப்பட்டு ஓடாமல் இருப்பதையும் தீர்மானிப்பது பெரும்பாலும் தோட்டாவும் தூரமுமே என்பது என் உறுதியான கருத்து.

தோட்டாவுக்குள் இருக்கும் ஈயக்குண்டுகளான சன்னங்களுக்கு எங்கள் பகுதியில் புழங்குவது பழைய ஆங்கிலேய அளவுமுறை. எல்.ஜி. சன்னம் ஒன்றின் விட்டம் 9.1 மில்லிமீற்றர், எஸ்.ஜி. 8.4, எஸ்.எஸ்.ஜி. 6.8, ஏ.ஏ.ஏ. 5.2, பி.பி. 4.1. ஓர் அவுன்ஸ் ஈயத்தில் எல்.ஜி. ஆறு, எஸ்.ஜி. எட்டு, எஸ்.எஸ்.ஜி. பதினைந்து, ஏ.ஏ.ஏ. முப்பத்தைந்து, பி.பி. எழுபது என்பது அந்த முறையின் கணக்கு. இதிலிருந்து ஒரு எஸ்.ஜி. சன்னம் ஏறத்தாழ மூன்றரைக் கிராம் என்றும், ஒரு பி.பி. சன்னம் அரைக் கிராமைக்கூட எட்டாது என்றும் காணலாம். முழு வளர்ச்சியடைந்த ஆண் பன்றிக்குத் தோள்பட்டையின் மேல் தடித்து இறுகிய தோற்கவசம் உண்டு. அரைக் கிராமுக்குக் குறைந்த ஈயம் அந்தக் கவசத்தில் தங்கி நின்றுவிடும். பன்றி அன்றிரவு ஓடிப்போய், சீழ் பிடித்து, நாட்கணக்கில் வேதனைப்பட்டுச் சாகும், அல்லது அடுத்த இரவு புதருக்குள் நின்று மனிதனைத் தாக்கும். ஆகவே பி.பி.யையும் அதற்குக் கீழான அளவுகளையும் பன்றிக்கு எடுப்பதை நான் முற்றாக மறுக்கிறேன். கிடைப்பது அது ஒன்றே என்றால் தகரத்தைத் தட்டிப் பன்றியைக் கலைப்பதே நேர்மையான காரியம்.

அப்படியானால் மிகப்பெரிய சன்னமான எல்.ஜி.தானே நல்லது என்று பலரும் கேட்பார்கள். நானும் தொடக்கத்தில் அதையே வாங்கி வந்தேன். பின்னர் அறுவடை முடிந்த காணியில், பின்னால் உயர்ந்த மண்மேடு உள்ள இடமாகப் பார்த்து, பெரிய தாள்களை ஒட்டி வெவ்வேறு தூரங்களில் வைத்து வெடித்துப் பார்த்தபோதுதான் விடயம் விளங்கியது. வழமையான 32 கிராம் நிரப்பலில் எல்.ஜி. ஏழு சன்னமளவே இருக்கும், எஸ்.ஜி. ஒன்பது இருக்கும். எங்கள் துவக்கின் குழல்வாய் நன்றாகக் குறுக்கப்பட்டது. சிறு சன்னங்களை நெருக்கமாகச் சேர்த்து அனுப்புவதற்கென்று செய்யப்பட்ட அந்தக் குறுக்கலில் பெரிய ஈயக்குண்டுகள் ஒன்றையொன்று நசித்து வடிவம் கெட்டு, போகும் வழியிலேயே விலகிவிடுகின்றன. இருபத்தைந்து மீற்றரில் எஸ்.ஜி. பெரும்பகுதியும் பன்றியின் முன்னுடம்பளவு வட்டத்துக்குள் விழுந்தது, எல்.ஜி.யில் ஒன்றிரண்டு சன்னங்கள் எப்போதும் வெளியே போயின. நாற்பது மீற்றரில் இரண்டுமே நம்பத்தகாதவை. எஸ்.எஸ்.ஜி. தாளில் அழகாகவே விழுந்தது; நடுத்தரப் பன்றிக்கு, கிட்டத்தில், அதுவும் போதுமானது என்று நினைக்கிறேன்.

இந்த முடிவு எங்கள் குழலுக்கு உரியது. பக்கத்துக் காணிக்காரரின் துவக்கு திறந்த வாயுடையது, அவருக்கு எல்.ஜி. நன்றாகவே ஒத்துப்போகிறது. ஒரே பெட்டித் தோட்டா இரண்டு குழல்களில் இரண்டு விதமாக நடந்துகொள்ளும் என்பதால், பிறர் சொல்வதைக் கேட்டு அளவைத் தேர்வதைவிடச் சில தோட்டாக்களைத் தாளுக்குச் செலவழிப்பதே மேல். ஆண்டுக்குக் கிடைப்பதே எண்ணிச் சொல்லக்கூடிய தோட்டாக்கள். அவற்றைத் தாளில் வீணாக்குவதா என்று வீட்டில் கேட்டார்கள். ஆனால் அந்தத் தாள்களைப் பார்த்த பின்னர்தான் இருபத்தைந்து மீற்றருக்கு அப்பால் விசையை இழுப்பதில்லை என்ற கட்டுப்பாடு எனக்கு வந்தது. அதன்பின் காயப்பட்ட பன்றியைத் தேடிக் காலையில் காட்டுக்குள் போக வேண்டிய தேவையும் மிகக் குறைந்துவிட்டது.

தோட்டாவின் நீளத்தைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். பழைய ஆங்கிலேயத் துவக்குகள் பலவற்றில் தோட்டா உட்காரும் அறை 65 மில்லிமீற்றர் நீளமானது. இன்று சந்தைக்கு வருவனவற்றில் பெரும்பாலானவை 70 மில்லிமீற்றர். இந்த நீளம் வெடித்து வாய் விரிந்த பின் உள்ள நீளம். வெடிக்காத தோட்டா அதைவிடக் குறுகியது என்பதால் 70 மில்லிமீற்றர் தோட்டா சிறிய அறைக்குள்ளும் தடையில்லாமல் போய் உட்காரும். வெடிக்கும்போது மடிந்திருந்த வாய் விரிய இடமின்றிக் குழல் ஒடுங்கும் பகுதியில் போய் நெரிபடும். அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். போய் உட்காருகிறதே என்பதற்காகத் தோட்டா பொருந்துகிறது என்று கொள்ளக்கூடாது. குழலின் அடியில் உள்ள முத்திரையைத் துடைத்து வாசிப்பதும், வாசிக்க முடியாவிட்டால் அறிந்த ஒரு துவக்குத் திருத்துநரிடம் காட்டி அறையை அளப்பிப்பதும் கட்டாயம். அதேபோல, அளவில் சிறியதான 20 போர் தோட்டா ஒன்று தவறி 12 போர் துவக்குக்குள் போனால் அது நழுவிக் குழலுக்குள் முன்னே போய்ச் சிக்கும். அறை வெறுமையாகத் தெரிவதால் பின்னால் இன்னொன்றைப் போட்டு வெடிப்பவரின் இடது கை மிஞ்சாது. 20 போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வது இதனால்தான்.

கடற்காற்று தோட்டாவுக்குப் பகை. கொட்டியாரக் குடாவிலிருந்தும் தம்பலகாமக் குடாவிலிருந்தும் வரும் உப்பீரம் மார்கழி மழையோடு சேர்ந்தால் பித்தளை அடி ஒரே பருவத்தில் பச்சை பூக்கும். வெளிக்கூடான கோது கடதாசியால் ஆன பழைய தோட்டாக்கள் ஈரத்தை உறிஞ்சி ஊதிவிடும். அறைக்குள் பாதிவரை போய் நிற்பவற்றைப் பலமுறை கண்டிருக்கிறேன். பிளாஸ்டிக் கோது ஊதாது. ஆனால் அடிப்பித்தளையும், மருந்தைப் பற்றவைக்கும் கேப்பும் அதிலும் துருவேறக்கூடியவையே. இறுக மூடும் தகரப் பெட்டியில், ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொட்டலங்களோடு, வீட்டின் குளிர்ந்த மூலையில், துவக்கிலிருந்து வேறாகப் பூட்டி வைப்பது எனக்கு நல்ல பலன் தந்தது. ஓட்டுக்கூரைக்குக் கீழே செருகி வைப்பது, தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களின் வெக்கையில் வெடிமருந்தைக் கெடுக்கும். துருவைத் தடுக்கலாம் என்று தோட்டாவுக்கு எண்ணெய் பூசுவோர் உண்டு; எண்ணெய் கசிந்து கேப்புக்குள் இறங்கினால் தேவையான நேரத்தில் அது வெடிக்காது.

விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால், குழலைப் பாதுகாப்பான திசையிலேயே பிடித்து அரை நிமிடத்துக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும். பிந்தி வெடிக்கும் தோட்டாக்கள் உண்டு. சத்தம் மந்தமாக, அதிர்வு குறைவாக வெடித்தால், அடுத்ததைப் போடுமுன் துவக்கை மடித்துக் குழலூடாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே அடைப்புத் தங்கியிருந்தால் அடுத்த வெடியில் குழல் பிளக்கும்.

இனி மீள நிரப்பிய தோட்டாக்கள். வெற்றுக் கோதுகளை வாங்கிக் கேப்பு மாற்றி, மருந்தும் சன்னமும் இட்டுத் தருகிறவர்கள் முன்னர் இருந்தார்கள். இன்றும் அங்கங்கே மறைவில் நடக்கிறது. விலை குறைவு என்பதே அதன் ஒரே கவர்ச்சி. அமெரிக்காவில் வாழும் எங்கள் உறவினர் ஒருவர் அங்குள்ள சட்டத்துக்கு உட்பட்டு ரிவோல்வருக்கான தோட்டாவைத் தானே நிரப்பி மான் வேட்டைக்குப் போகிறவர். 1935 இல் வந்த .357 மேக்னமும் 1955 இல் வந்த .44 மேக்னமும் கையால் நிரப்பிச் சோதித்துப் பார்த்தவர்களின் முயற்சியிலிருந்து பிறந்தவை என்று அவர் பெருமையோடு சொல்வார். ஆனால் அவருடைய மேசையில் துல்லியத் தராசும், மருந்துக் கம்பனிகள் அச்சிட்டு வெளியிடும் அளவு அட்டவணையும் இருக்கின்றன. ஒவ்வொரு கோதையும் வெடிப்புக் கீறல் உண்டா என்று பார்த்த பின்னரே எடுக்கிறார். அப்படியிருந்தும், வீட்டுப் பாதுகாப்புக்கென வைத்திருக்கும் ரிவோல்வரில் தான் நிரப்பிய தோட்டாவை அவர் போடுவதில்லை. தொழிற்சாலைத் தோட்டாவே போடுகிறார். உயிர் தொங்கும் இடத்தில் ஒவ்வொன்றும் ஒரே மாதிரி வெடிக்க வேண்டும், அந்த உறுதியைத் தொழிற்சாலையின் சோதனை தருகிறது என்பது அவருடைய காரணம்.

அவ்வளவு கவனமுள்ளவரே அங்கே நிறுத்திக்கொள்ளும்போது, எங்கள் ஊரில் எந்த வேகத்தில் எரியும் என்று எவருக்கும் தெரியாத மருந்தை மூடியால் அளந்து இட்ட தோட்டாவை நான் என் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் வைத்து வெடிக்க மாட்டேன். கரிமருந்துக்கும் புகையற்ற மருந்துக்கும் அழுத்தம் ஏறும் விதமே வேறு; ஒன்றின் அளவை மற்றதற்கு இட்டால் குழல் தாங்காது. அனுமதியின்றி வெடிமருந்து வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்பதும், பிடிபட்டால் துவக்கு அனுமதியும் சேர்ந்தே போகும் என்பதும் தனி விடயம். குழல்வாய் வழியே மருந்திடும் இடியன் துவக்குக்கும், விலங்கு வரும் வழியில் கம்பி கட்டி வைக்கும் கட்டுத்துவக்குக்கும் இதையே சொல்வேன். கட்டுத்துவக்கின் கம்பியில் கால் தட்டி முடமானவர்கள் விறகுக்கும் தேனுக்கும் போன ஏழைகள்.

தற்காப்பைப் பற்றி ஓரிரு வார்த்தைகள். ஆளின் பாதுகாப்புக்கான ஆயுத அனுமதி பாதுகாப்பு அமைச்சின் வழியே வருவது. பயிர்க்காவல் அனுமதி அதற்குப் பதிலாகாது. காட்டோரத்தில் தற்காப்பு என்றால் மனதில் வருவது யானையும் கரடியும். எஸ்.ஜி. தோட்டா யானையை நிறுத்தாது. தோலுக்குள் தங்கிப் புண்ணாகி அதைச் சித்திரவதை செய்யும், அதன் கோபத்தை அடுத்த காவல் குடிலின் மேல் திருப்பும். இரண்டும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். அவற்றுக்கு யானை வெடியும், நல்ல ரோர்ச் விளக்கும், தனியே போகாத வழக்கமும்தான் எங்களைக் காத்து வந்திருக்கின்றன.

பரண் எங்கே அமைகிறது என்பதும் தோட்டாத் தேர்வோடு சேர்ந்ததே. தரைமட்டத்தில் நின்று வெடித்தால் தவறிய எஸ்.ஜி. சன்னம் அரைக் கிலோமீற்றருக்கு அப்பாலும் போகும். சோளப் பருவத்தில் அந்தத் தூரத்துக்குள் எத்தனையோ காவல் குடில்கள் இருக்கும். பரணிலிருந்து கீழ்நோக்கி வெடிக்கும்போது தவறியது மண்ணுக்குள் போகிறது. இந்தப் பருவத்துக்கு நான் எடுத்து வைத்திருப்பது பிளாஸ்டிக் கோதுள்ள, எங்கள் அறையின் நீளத்துக்கு ஏற்ற எஸ்.ஜி. தோட்டாக்கள் மட்டுமே. சென்ற ஆண்டு மிஞ்சியவற்றில் அடி பச்சை பூத்தவற்றைத் தனியாகப் பிரித்து, அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் போகும்போது ஒப்படைப்பதற்கென வேறு பெட்டியில் வைத்திருக்கிறேன்.