வறட்சியில் கடலையா, ராகியா? எல்லைச் செம்மண் காட்டுக்கு ஓர் ஒப்பீடு

வேப்பனப்பள்ளி, பேரணாம்பட்டு, அந்தப் பக்கம் குப்பம், வி.கோட்டா. தமிழக–ஆந்திர எல்லைக்கு இருபுறமும் செம்மண் மானாவாரிதான். ஆடி மழை விழுந்ததும் கேள்வியும் ஒன்றுதான்: நிலக்கடலையா, ராகியா? பலரும் விலையைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். எந்த வாரம் காய்ந்தால் எந்தப் பயிர் எங்கே அடிபடும் என்பதை அதற்கு முன் பார்க்க வேண்டும்.

விதைத்து 20, 25 நாள் வரை வரும் வாட்டம் கடலையை அவ்வளவாகக் கெடுக்காது. செடி வேரை ஆழமாக விடும். அடுத்த மழையில் பூ ஒருசேர வரும், காயும் ஒருசேர முற்றும். ராகிக்கு அந்த நாட்கள்தான் ஆபத்து. இளவேர் மேல்மண்ணிலேயே இருப்பதால் பயிர் எண்ணிக்கை குறைந்துவிடும். கிலோ விதைக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 6 மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் 2 நாள் கட்டி, முளை தெரியத் தொடங்கியதும் நிழலில் உலர்த்தி விதைத்தால் ஓரளவு தாங்கும்.

40 நாளுக்குப் பிறகு கதை மாறுகிறது. கடலைப் பூ மேலே பூத்தாலும் காய் பிடிப்பது மண்ணுக்குள். மேல்மண் காய்ந்து இறுகினால், பூவிலிருந்து மண்ணை நோக்கி வரும் விழுது இறங்காமல் நுனி கருகிவிடும். இறங்கினாலும் தப்பியது என்று சொல்ல முடியாது. வேர் உறிஞ்சும் சுண்ணாம்புச் சத்து நீரோடு இலைக்குத்தான் போகும். இலையிலிருந்து காய்க்குத் திரும்பாது. காய் தன்னைச் சுற்றியுள்ள ஈரமண்ணிலிருந்து தானே எடுத்தாக வேண்டும். அதனால்தான் ஆழத்தில் ஈரம் இருந்து செடி பச்சையாக நிற்கும்போதே மேல் 5 செ.மீ. மண் காய்ந்து காயெல்லாம் பொக்காகிறது. ஒரு செடியைப் பிடுங்கி இளங்காயை விரலால் நசுக்கிப் பாருங்கள். உள்ளே பருப்பு இல்லாமல் அமுங்கினால் நட்டம் தொடங்கிவிட்டது. சுண்ணாம்புச் சத்து தரும் ஜிப்சத்தை ஏக்கருக்கு 160 கிலோ, 40–45ஆம் நாளில், மண்ணில் ஈரம் இருக்கும்போது இட்டு மண் அணையுங்கள். காய்ந்த மண்ணில் அது கரையாது. அதற்குப் பின் கொத்தினால் இறங்கிய விழுது அறுந்துபோகும்.

இந்த இடத்தில் ராகி கெட்டி. சோளம், கரும்பு போல இலைத்துளையைக் குறைவாகத் திறந்தே கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும். நண்பகலில் சுருளும் இலை மாலையில் விரிந்தால் கவலை வேண்டாம். விடிந்தும் சுருண்டே கிடந்தால்தான் ஆபத்து. தாய்த்தண்டு காய்ந்தாலும் மழை வந்தால் அடியிலிருந்து பக்கத் தூர்கள் கிளம்பும். ஆனால் கதிர் வரும் 65–80ஆம் நாளில் வாட்டம் வந்தால் கதிர் கண்ணாடி இலை எனும் கடைசி இலையின் உறைக்குள்ளேயே சிக்கும், மணி பதராகும். இருக்கிற தண்ணீரில் ஒரே ஒரு பாசனம்தான் முடியும் என்றால் அந்த வாரத்துக்கு வைத்திருங்கள்.

செலவையும் சேர்த்துப் பாருங்கள். கடலைக்கு ஏக்கருக்கு 50 கிலோ விதைப்பருப்பு வேண்டும்; ராகிக்கு வரிசை விதைப்பில் 4 கிலோ போதும். முளைப்பு போனால் ராகியை மறுபடி விதைக்கலாம், கடலையில் அந்தத் துணிச்சல் யாருக்கும் வராது. ஆடிக்குள் நல்ல மழை கிடைத்து, மண் இரண்டடிக்கு மேல் ஆழம் என்றால் கடலை, நடுவில் துவரை வரிசையோடு. விதைப்பு ஆவணிக்குத் தள்ளினாலோ மேட்டுச் சரளையாக இருந்தாலோ பையூர் 2 அல்லது ஜிபியு 28 ரக ராகி, ஊடே அவரை.

கடலையின் கடைசி 3, 4 வாரம் காய்ந்து சூடேறினால் காயில் பூஞ்சணம் ஏறி அஃப்ளாடாக்சின் நஞ்சு சேரும். பொக்கையும் ஓடு வெடித்த காயையும் தனியே பிரித்து எரித்துவிடுங்கள். மாட்டுக்கும் வைக்கக் கூடாது.