நடுவில் கச்சிதம், ஓரத்தில் தகராறு

போட்டோ வேலைக்கு மானிட்டர் தேடிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர், நான் வைத்திருப்பதையே வாங்கிவிடலாமா என்று கேட்டார். ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இது.

பேனல் ஐபிஎஸ் வகை, அளவு 27 அங்குலம், போட்டோ, அச்சு வேலைக்கான விரிந்த வண்ண வரம்பான அடோபி ஆர்ஜிபியில் பெரும்பகுதியைக் காட்டும். மற்றதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கும். வண்ணத்தைப் பொறுத்தவரை மனம் நிறைந்து பாராட்டுவேன். திரையின் வண்ணத்தை அளக்கும் கலரிமீட்டரை மாட்டி, வெள்ளையின் சாயல் 6500 கெல்வின், நடுத்தர நிழல்களின் அளவான காமா 2.2, வெளிச்சம் 100 நிட்ஸ் என்று வைத்துக் கேலிபரேட் செய்த பிறகு, அதாவது திரையை அளந்து சரிசெய்த பிறகு, தோலின் நிறம் அவ்வளவு இயல்பாக வருகிறது. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இடையில் இருக்கும் நுணுக்கமான வேறுபாடுகள் என் பழைய மானிட்டரில் ஒரே செம்பழுப்பாகக் கலந்து கிடந்தன, இதில் தனித்தனியாகத் தெரிகின்றன. பிரிண்ட் இருட்டாக வருகிறது என்று புலம்புகிறவர்கள் முதலில் மானிட்டரின் வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள். புது மானிட்டர்கள் பெரும்பாலும் இந்த வேலைக்குத் தேவையானதைப் போல இரண்டு மூன்று மடங்கு வெளிச்சத்தோடுதான் வருகின்றன, அதில் பார்த்துத் திருத்திய படம் காகிதத்தில் மங்கித்தான் விழும்.

சரி, இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். இந்தத் திரையின் இடது ஓரம் லேசாகப் பச்சையடிக்கிறது, வலது ஓரம் லேசாக இளஞ்சிவப்படிக்கிறது. வண்ணப் படங்களில் இது கண்ணில் படுவதே இல்லை. ஆனால் ஒரு கருப்பு வெள்ளை முகப்படம், பின்னால் வெறும் சாம்பல் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படம் திறந்திருக்கும் விண்டோவைப் பிடித்து இடமிருந்து வலமாக மெதுவாக இழுத்தால், அதே சுவர் பாசி படிந்ததுபோலத் தொடங்கி, நடுவில் சுத்தமான சாம்பலாகி, வலது ஓரம் போகும்போது சிவந்துவிடுகிறது. திருத்தும் மென்பொருளின் ஸ்லைடர்கள் எல்லாம் வலது பக்கத்தில் இருப்பதால் படம் எப்போதும் இடப்பக்கம் தள்ளித்தான் நிற்கும். சுவரில் தெரியும் பச்சை படத்தில் இருக்கிறதா, பேனலில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் நகர்த்திப் பார்த்தே உறுதி செய்ய வேண்டியிருக்கிறது.

கேலிபரேட் செய்தால் சரியாகிவிடாதா என்பார்கள். ஆகாது. கலரிமீட்டர் திரையின் நடுவில் தொங்கிக்கொண்டு அந்த ஓர் இடத்தைத்தான் அளக்கிறது, அதிலிருந்து உருவாகும் புரொஃபைல், அதாவது வண்ணத்தைத் திருத்தும் கோப்பு, முழுத் திரைக்கும் ஒன்றேதான். இந்த இடத்தில் பச்சையைக் குறை, அந்த இடத்தில் சிவப்பைக் குறை என்று சொல்ல அதில் வழியே இல்லை. நடுப்பகுதி துல்லியமாக ஆக ஆக ஓரங்கள் இன்னும் துருத்திக்கொண்டு தெரிகின்றன. அதே கருவியை ஓரங்களில் வைத்து அளந்தேன். நடுவோடு ஒப்பிட்டால் வலது ஓரத்தில் டெல்டா ஈ, அதாவது நிற வித்தியாசத்தின் அளவு, 4-ஐத் தாண்டுகிறது, 1-க்கு மேல் போனாலே கூர்ந்து பார்க்கும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். அந்த அளவீடுகளைப் படத்தோடு அனுப்பியும் சர்வீஸில் கிடைத்த பதில், இது அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள்தான் இருக்கிறது என்பது. எழுத்து அடிக்க விற்கும் மானிட்டருக்கு அந்த வரம்பு சரி, பெட்டியில் போட்டோகிராபர்களுக்கு என்று அச்சடித்து விற்கும் ஒன்றுக்கு எப்படிச் சரியாகும்?

உயர்ரக மானிட்டர்கள் சிலவற்றில் தொழிற்சாலையிலேயே திரையைப் பகுதி பகுதியாக அளந்து சமன்படுத்தி அனுப்புகிறார்கள். அதற்காக வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்டையும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். நம் வேலைக்கு 100 நிட்ஸ் போதும் என்பதால் அந்த இழப்பு பெரிதாகத் தெரியாது.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். இதே மாடலில் இன்னொன்று குறையே இல்லாமல் வரலாம், பேனலுக்குப் பேனல் மாறும் விஷயம் இது. ஆனாலும் நண்பருக்கு என் பதில், வேண்டாம். இவ்வளவு அருமையான வண்ணத்தைக் கொடுத்துவிட்டு ஓரத்தைக் கேட்டால் வரம்பு என்கிறவர்களிடம் இன்னொரு முறை பணம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வேறு எதை வாங்கினாலும் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், அரை மணி நேரம் ஓடவிட்டு, அறை விளக்கை அணைத்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 128 வைத்த சாம்பலைத் திரை முழுக்க நிரப்பி ஓரங்களைப் பாருங்கள். கேலிபரேஷனெல்லாம் அப்புறம்.