காட்பாடி–சித்தூர் சாலையில் ஒரு மாதிரி ஆஸ்கி: போகலாமா?

குடும்ப மருத்துவத்தில் டிஎன்பி என்ற முதுநிலைப் படிப்பு படிப்பவர்களுக்காக இந்தச் சாலையில் இருக்கும் ஒரு பயிற்சி மையம் ஞாயிற்றுக்கிழமைகளில் மாதிரி ஆஸ்கி (OSCE) நடத்துகிறது. ஸ்டேஷன் எனப்படும் அறைகளுக்கு வரிசையாகப் போய், ஒவ்வொன்றிலும் ஒரு வேலையைச் செய்து காட்டும் மருத்துவச் செய்முறைத் தேர்வு இது. பத்து ஸ்டேஷன், ஒவ்வொன்றும் 8 நிமிடம், மணி அடித்ததும் அடுத்த அறை. 1975இல் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் வகுத்த முறைதான்.

இருப்பதிலேயே நல்ல ஸ்டேஷன், சர்க்கரை நோயாளியின் பாதப் பரிசோதனை. நோயாளி கண்ணை மூடியிருக்கிறாரா, 10 கிராம் மோனோஃபிலமென்ட்டை (பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் நைலான் இழை) தோலுக்குச் செங்குத்தாக வைத்து வளையும்வரை அழுத்துகிறார்களா, காய்ப்புள்ள இடத்தை விடுகிறார்களா என்று எக்ஸாமினர் வரிசையாகக் கவனிக்கிறார். தொடும்போதே "இப்பத் தெரியுதா?" என்று கேட்டால் மார்க் போச்சு, தொட்டதை நோயாளிக்கு நாமே சொல்லிவிட்டோம். குறை ஒன்றுதான்: ஒரே இழையை நாள் முழுக்க ஓட்டுகிறார்கள். பத்துப் பேருக்குப் பிறகு அதை 24 மணி நேரம் எடுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தளர்ந்துபோய்க் குறைந்த அழுத்தத்திலேயே வளையும். மாற்று இழை வாங்க என்ன கஷ்டமோ.

பாம்புக்கடி ஸ்டேஷன்தான் சொதப்பல். வேர்க்கடலைக் கொல்லையும் கரும்புத் தோட்டமும் நிறைந்த ஊர்ப்பக்கத்தில் இது சரியாக இருந்தாக வேண்டும். விஷம் ரத்தத்தை உறையவிடாமல் செய்திருக்கிறதா என்று பார்க்கும் 20 நிமிட ரத்த உறைவுச் சோதனைக்கு 2 மி.லி. சிரை ரத்தம், சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாய் வேண்டும். அசைக்காமல் வைத்திருந்து ஒரே ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். இங்கே மேசையில் இருந்ததோ பிளாஸ்டிக் குழாய். உறைதலைத் தூண்டுவது கண்ணாடிப் பரப்பு. பிளாஸ்டிக்கில் நல்ல ரத்தமும் உறையாமல் கிடந்து, தேவையே இல்லாதவருக்கு விஷமுறிவு மருந்து ஏறிவிடும். சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலும் இதே வம்பு. அதைவிட மோசம், விஷமுறிவு மருந்துக்கு முன் தோலில் டெஸ்ட் டோஸ் போட்டால் ஒரு மார்க் என்று எக்ஸாமினரின் மார்க் தாளில் இருக்கிறது. ஒவ்வாமை வருமா என்பதை அந்தச் சோதனை முன்கூட்டிக் காட்டாது என்பதால் அது எப்போதோ கைவிடப்பட்டது. அந்த மார்க்கை, ஒவ்வாமை வந்தால் உடனே போட அட்ரினலின் 0.5 மி.கி.யைச் சிரிஞ்சில் எடுத்துத் தயாராக வைப்பவருக்குக் கொடுக்கலாம்.

தெலுங்கு மட்டுமே தெரிந்த பாட்டி, கூடவே மொழிபெயர்க்கும் மருமகள்: இப்படி ஒரு ஸ்டேஷனை எல்லையோர ஊர்க்காரர்கள்தான் யோசிக்க முடியும். பலரும் மருமகளையே பார்த்துப் பேசி முடித்துவிடுகிறார்கள். பாட்டி முகத்தைப் பார்த்துக் கேட்பதற்கும், மருமகளை வெளியே அனுப்பிவிட்டுத் தெலுங்கு தெரிந்த நர்ஸை அழைப்பதற்கும் தாளில் இடமே இல்லை. நோயாளியாக நடிக்கும் மாதிரி நோயாளிகளுக்கு முதல் வாக்கியம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எதைக் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும் என்பதை எழுதவில்லை. விளைவு, மதியத்துக்கு மேல் கேட்காமலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள். பிற்பகல் பேட்ச் ஜாலியாகப் பாஸ்.

தேர்ச்சிக்கு எல்லா ஸ்டேஷனிலும் ஒரே 50 சதவீதம். பிபி பார்ப்பதும் மோசமான செய்தி சொல்வதும் ஒரே கடினமா? ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எக்ஸாமினர் 'எல்லைக்கோடு' (பாஸா ஃபெயிலா என்று உறுதியாகச் சொல்ல முடியாதவர்) என்று குறித்தவர்களின் சராசரி மார்க்கைத் தேர்ச்சிக் கோடாக எடுப்பது ஒரு வழி. ஆனால் பேட்சுக்குப் பதினைந்து பேர் என்றால் அந்தக் கணக்கு ஆட்டம் காணும். கேள்வித்தாள் போடும்போதே நாலைந்து எக்ஸாமினர்கள் உட்கார்ந்து கோட்டைத் தீர்மானிப்பதே இங்கே ஒத்துவரும்.

கைப்பழக்கத்தைத் திருத்திக்கொள்ள, தேர்வுக்கு மூன்று மாதம் முன்பு போகலாம். கடைசி வாரத்தில் போனால் திருத்த நேரம் இருக்காது. மார்க் ஷீட் நகலைக் கேட்டு வாங்குங்கள், தானாகத் தருவதில்லை.